அரண்மனைக்கு மூன்று கையெழுத்து

கிள்ளானில் பல் மருத்துவராக இருப்பதில் ஒரு வசதி உண்டு. நாற்காலியில் சாய்ந்திருப்பவர் வாயைத் திறந்தே வைத்திருந்தாலும் பேச முடியாது. செட்டிநாட்டுக்குச் சுற்றுலா போய் வந்தவர்களிடம் மட்டும் இது செல்லாது. கருவியை வாயிலிருந்து எடுத்த மறுநொடி கைப்பேசியை நீட்டிவிடுவார்கள்.

"டாக்டர், இதப் பாருங்க. காலையில திருமயம் கோட்டை, மத்தியானம் உங்க ஆளுங்க வீடு. தஞ்சாவூர் பேலஸ்லாம் இதுகிட்ட நிக்க முடியாது லா! உங்களுக்கும் அங்க ஒரு அரண்மனை இருக்காமே?"

இருக்கிறது. என் தந்தையின் தகப்பனார் கட்டியது. மூன்று மகன்கள், மூன்று பங்கு. படம் எடுப்பவர்கள் எல்லாரும் முகப்பையும் தேக்குத் தூண்களையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முற்றம் தாண்டி உள்ளே இரண்டாம் கட்டின் கூரை தொப்பை போட்டுத் தொங்குவதை ஒருவரும் எடுப்பதில்லை.

அந்த ஆண்டு ஆடி மாதம் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பங்காளி அண்ணன்தான் பேசினார். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் அமைப்பு ஒன்று எங்கள் கூரையைச் சரிசெய்ய முன்வந்திருக்கிறதாம். பங்குதாரர்கள் மூவரும் ஒரே காகிதத்தில், பேனா மையில், சம்மதம் எழுதித் தரவேண்டும். ஸ்கேன் செய்து அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். ஐப்பசி மழைக்குள் வேலை தொடங்காவிட்டால் இரண்டாம் கட்டு நிற்காது.

"மூணே கையெழுத்துதான் தம்பி," என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். மூவரும் கடல் தாண்டி இங்கே, பக்கத்துப் பக்கத்து ஊர்களில்தான் இருக்கிறோம். மூத்த பங்குக்கு நான், ஏனென்றால் என் அப்பச்சி காலமாகிவிட்டார். எங்களில் தந்தையை அப்பச்சி என்றுதான் அழைப்போம். நடுப் பங்கு அவருடைய தம்பிக்கு உரியது. அவரும் இல்லை, அவர் மகன், எனக்குத் தம்பி முறை, ஷா ஆலமில் தொழிற்சாலை நடத்துகிறான். கடைசிப் பங்கு பிரிக்பீல்ட்சில் இருக்கும் சித்தப்பாவுடையது. ஒரு சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும் வேலை.

காகிதம் கூரியரில் ஷா ஆலமுக்கு வந்தது. தம்பி உடனே முதல் வரியில் கையெழுத்தைப் போட்டுவிட்டான். நான் அதை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போய், வண்டி நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றி, லிப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் நான்கு மாடி ஏறினேன். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். பிறகு காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"யாரு முதல்ல போட்டது?"

"தம்பிதான் சித்தப்பா. பேப்பர் அவன் ஆபீசுக்குத்தான் வந்துச்சு."

"நான் இன்னும் உசுரோடதான இருக்கேன்? அவன் போட்டதுக்குக் கீழ நான் போடணுமா?"

எங்கள் வீடுகளில் பொங்கலன்று ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பானை. மூத்த பங்கின் அடுப்பு எரிந்த பிறகுதான் அடுத்தது. அந்த வரிசையை யாரும் மீறமாட்டார்கள். அது அடுப்புக்கு, சரி. ஏ4 காகிதத்துக்குமா? கேட்டேன். சித்தப்பா எனக்கு மைலோ கலந்து கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஊருக்குச் சொல்லி இரண்டாவது காகிதம் வரவழைத்தேன். இந்த முறை அண்ணன் ஜாக்கிரதையாக, பங்கு வரிசைப்படி மூன்று பெயரையும் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். மூத்த பங்கு, நடுப் பங்கு, கடைசிப் பங்கு. மறுபடியும் மூன்று சுற்று, நான்கு மாடி. பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

"உங்க அப்பச்சி இருந்தா அவருதான் முதல். அவருக்கு அடுத்தவரும் போயிட்டாரு. இப்ப மூத்தவன் யாரு? என் பேரைக் கடைசில போட்டு வச்சிருக்கான்."

"சித்தப்பா, கூரை விழப் போகுது."

"விழட்டும். மரியாதை விழக்கூடாதுல்ல?"

காரில் உட்கார்ந்து கத்தினேன். யாருக்கும் கேட்காது என்பதால் நன்றாகவே கத்தினேன். ஆயிரம் சன்னலும் பர்மா தேக்கும் வைத்துக் கட்டத் தெரிந்த கூட்டத்துக்கு ஒரு காகிதத்தில் மேலே கீழே பார்க்காமல் கையெழுத்துப் போடத் தெரியவில்லை. அன்று இரவு என் மனைவியிடம் ஒரு மணி நேரம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது காகிதம் வந்தபோது புரட்டாசி முடியப்போகிற நேரம். பெயர் எதுவும் இல்லாமல் வெறும் மூன்று கோடுகள். நேராகச் சித்தப்பாவிடம் போனேன். முதல் கோட்டில், இரண்டு கோட்டுக்கு ஆகிற அளவில் பெரிதாகப் போட்டார். அங்கிருந்து ஷா ஆலம். தம்பி போனில் யாரையோ திட்டிக்கொண்டே இரண்டாவது கோட்டில் போட்டான். நான் வெறும் தபால்காரன், கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று கிளினிக்குக்குக் கொண்டுவந்தேன்.

மேசையில் விரித்து, பேனாவைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன். மிச்சமிருந்தது மூன்றாவது கோடு.

அப்பச்சி எந்த வரிசையிலும் முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. கோயில் பந்தியில் கடைசி ஆள். கல்யாணப் படங்களில் அவர் முகத்தில் பாதி வேறு யாருடைய தோளுக்கோ பின்னால் இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் மட்டும் அத்தனை பேரும் அடுப்பு மூட்டாமல் அவர் வரக் காத்து நிற்பார்கள். அவர் அவசரப்படாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். அந்தப் பங்குக்கு நான் கடைசிக் கோட்டில் கையெழுத்துப் போடவேண்டும். சித்தப்பா மேலே இருக்கட்டும், பெரியவர். தம்பிக்கும் கீழேயா? எனக்குச் சுருக்கென்றது. இதற்குப் போய் இப்படித் தோன்றுகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

நாளைக்குப் போடலாம் என்று காகிதத்தை இழுப்பறையில் வைத்தேன். தீபாவளிக்கு முன்னால் கிள்ளானே பல் சுத்தம் செய்ய வரும், நேரமில்லை. ஊரிலிருந்து அண்ணன் கேட்டபோது "அனுப்பியாச்சு அண்ணே, வந்துடும்," என்றேன். சித்தப்பா கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். மூன்று வாரம் போனது.

தீபாவளி கழிந்த நான்காம் நாள் அண்ணன் படம் அனுப்பினார். இரண்டாம் கட்டின் நடுவில் வானம் தெரிந்தது. கீழே உடைந்த ஓடும் உத்தரமும் சேறும். ஆளுக்குச் சேதமில்லை என்று எழுதியிருந்தார். காகிதம் வந்து சேர்ந்திருந்தால் அன்றைக்கே முட்டுக் கொடுத்திருப்பார்கள், கூரியர்காரன் தொலைத்துவிட்டான் போல என்றும் எழுதியிருந்தார்.

அரை மணி நேரத்தில் சித்தப்பா அழைத்தார். அவர் அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"என்னாலதான்டா. ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டேன். முதல் பேப்பர்லயே போட்டிருந்தா இந்நேரம் ஓடு மாத்தியிருப்பாங்க. உங்க அப்பச்சி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"அப்படிலாம் சொல்லாதீங்க சித்தப்பா. பழைய வீடு, மழை வேற."

"நீதான்டா பாவம். அங்கயும் இங்கயும் அலைஞ்ச."

இழுப்பறை என் முழங்காலுக்கு நேராக இருந்தது. அவர் அழுது முடிக்கும்வரை கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.