உப்புப் போட்ட சீஸ்

ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஈரச் சாக்கும் புளித்த மோரும் கலந்தாற்போல ஒரு வாடை முகத்தில் அடிக்கும். அந்தத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாட்களும் அல் குசைஸில் எங்கள் வீடு முழுக்க அந்த வாடைதான். அம்மா அதை "ஊசிப்போன வாடை" என்றாள், அப்பா "அதுதான் சீஸ்" என்றார்.

துபாயில் கட்டட வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்த வருடம் அது. என் வகுப்பில் வாரத்துக்கு ஓர் இடம் காலியானது. பெரியவர்கள் கூடினால் "கேன்சல்" என்ற ஒரு சொல்தான் அடிபட்டது. வேலை போனால் விசா போகும், விசா போனால் ஒரு மாதத்துக்குள் பெட்டி கட்டவேண்டும் என்பது பதினொரு வயதில் எனக்கும் தெரிந்திருந்தது. அப்பாவின் அலுவலகத்தில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்பவர் என்று எல்லாரும் நம்பியது அவருடைய மேனேஜரை. அந்த ஊரில் தனியாக இருந்த ஓர் இங்கிலாந்துக்காரர். அவரைத்தான் அப்பா தீபாவளியன்று மாலை வீட்டுக்கு அழைத்திருந்தார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சும்மாவா சொன்னாங்க? நம்ம வீட்ல ஒரு வாய் தின்னுட்டா அந்தாளுக்குக் கை வராது" என்றார்.

வெள்ளைக்காரருக்கு முறுக்கு மட்டும் வைத்தால் ஆகாது என்று, சீஸோடு சூப்பர்மார்க்கெட்டில் இலவசமாகக் கொடுத்த ஒரு புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தார். அதில் இலையுதிர்கால விருந்து என்று, மரப்பலகை நிறையச் சீஸும் பழமும் பருப்பும், சுற்றிலும் காய்ந்த இலைகளுமாக ஒரு படம். "இந்த ஊர்ல எந்த மரமுங்க எலை உதிர்க்குது? ஏசியை நிறுத்தினா நாமதான் உதிருவோம்" என்றாள் அம்மா. அந்த வாரம் அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

சப்பாத்திப் பலகையைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் சீஸை மைசூர்பா போல நறுக்கி, திராட்சை, முந்திரி, பேரீச்சம்பழம், ஓரத்தில் ரிப்பன் பக்கோடா என்று அடுக்கினாள். டப்பாத் தண்ணீரில் மிதந்த வெள்ளைச் சீஸைப் பன்னீர் என்றே நினைத்துவிட்டாள். பன்னீருக்கு ஏது உப்பு? தாராளமாக உப்பும் மிளகும் தூவிப் பிசறினாள். விருந்தாளிக்கு வைக்குமுன் வாயில் போட்டால் "எச்சில்" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் ஒரு துண்டை எடுக்கப்போய்க் கையில் அடி வாங்கினேன். ஆக, ஒருவரும் ருசி பார்க்கவில்லை.

வந்தவர் வெள்ளைச் சீஸில் முதல் துண்டை வாயில் போட்டதுமே முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் மென்று விழுங்கி, தண்ணீர் குடித்து, "வெரி குட்" என்று அடுத்ததை எடுத்தார். அம்மா பூரித்துப்போய் இன்னும் இரண்டை அவர் தட்டில் வைத்தாள். உப்புநீரிலேயே ஊறிய சீஸ், அம்மா போட்ட உப்பும் சேர்ந்து உப்புக்கடலாகியிருந்தது என்று மறுநாள் மிச்சத்தைத் தின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஐந்தாவது துண்டோ ஆறாவதோ, அவர் கண்ணில் நீர் நின்றது. பிறகு மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: பட்டியல் தலைமை அலுவலகத்திலிருந்தே வந்துவிட்டதாம், அதில் அப்பாவின் பெயர் இருக்கிறதாம், அதற்கு மேலே தன்னுடைய பெயரும் இருக்கிறதாம். இந்த ஊரில் தன்னை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டவர்கள் நாங்கள் மட்டும்தானாம்.

அப்பா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தின்றுவிட்டுச் சொல்கிற சேதியா இது! ஆங்கிலம் தெரியாத அம்மா என் தோளைத் தொட்டாள். "என்ன கண்ணு சொல்றாரு? நல்லா இருக்குதாமா?"

"ரொம்ப நல்லா இருக்குதாம்மா."

அம்மா அவர் தட்டில் இன்னொரு துண்டை வைத்தாள். அவர் அதையும் சாப்பிட்டார்.

பொங்கலுக்கு முன்பே ஈரோடு வந்துவிட்டோம். இன்று இங்கே தெருமுனைக் கடையிலும் சீஸ் கிடைக்கிறது. அந்த மேனேஜர் எங்கே போனாரோ, தெரியாது. நாங்கள் குடியிருந்த கட்டடத்தை இடித்துவிட்டதாகச் சொன்னார்கள். அதைவிட எனக்கு உறைப்பது வேறொன்று: கண்ணில் பட்டவரையெல்லாம் "வாங்க, சாப்பிட்டுப் போலாம்" என்று இழுத்துவரும் அப்பா, அதற்குப் பிறகு ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

அன்று பொய் சொன்னதைப் போன வருடம்தான் அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு இங்கிலீஷ்தான் கண்ணு தெரியாது. உங்கப்பா மூஞ்சியுமா தெரியாது?"

"தெரிஞ்சுமா அவருக்கு மறுபடி எடுத்து வெச்சே?"

"வந்த மனுசன் அழுதுட்டு உக்காந்திருக்கறப்போ, தட்டைத் தூக்கிட்டா போக முடியும்?"