கிறேஸ் நேர்ந்துகொண்ட நாற்பது நாள்

விடியற்காலையில் கிறேஸின் விரல்கள் மடங்கியே கிடக்கும். இருபது வருடமாக இறப்பர் பால் வெட்டும் கை அது. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் ஓடும். அவள் விரல்களோ ஒன்பது மணிக்குத்தான் முழுதாக விரியும். தோட்டத்துப் பேக்டரியில் பிற்பகல் வேலை செய்யும் புருஷன் ரெஜினோல்ட், நாலரைக்கே எழுந்து, சுடுதண்ணீரில் அவள் கைகளை அமிழ்த்தி விரல் விரலாக நீவிவிடுவான்.

முடக்குவாதம் என்று இரத்தினபுரி கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில் விளக்கியதை, அன்று பஸ்ஸிலேயே அவனுக்குச் சொன்னாள்.

“உடம்புக்குள்ள காவல் ஒன்னு இருக்காம். அது நம்ம மூட்டையே எதிரின்னு நெனச்சு அடிக்குதாம்.”

“நம்ம தோட்டத்துக் காவக்கார வாச்சர் மாதிரின்னு சொல்லு. கள்ளன விட்டுட்டு வெறகு பொறுக்குற நம்மளத்தான புடிப்பான்.”

“சிரிக்காதீங்க. முழுசா கொணமாகாதாம். வாரத்துக்கு ஒருக்கா குளிசை போட்டா அடக்கி வச்சிக்கலாமாம்.”

வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்குத் தெரிந்தால் மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்று பயந்து, வியாதியை மறைத்தாள். ஒரு வருடம் குளிசையில் கை சொன்னபடி கேட்டது. ஆனால் ‘முழுசா கொணமாகாது’ என்ற பேச்சு அவள் மனதை விட்டுப் போகவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் வந்தது. லயத்து வீடுகளில் ஒருவர் இறைச்சியை விட்டார். இன்னொருவர் வெற்றிலையை விட்டார். கிறேஸ் யாருக்கும் சொல்லாமல் குளிசையை விட்டாள். நாற்பது நாள் ஒப்புக்கொடுத்தால் மிச்சத்தை மாதா பார்த்துக்கொள்வாள் என்று நம்பினாள்.

நாலாம் வாரம் மணிக்கட்டு வீங்கியது. கத்தி பட்டையைத் தாண்டி மரத்திலேயே இறங்கியது. ஒரே நாளில் மூன்று மரத்துக்குக் காயம்.

“என்ன கிறேஸ், பால் வெட்டுறியா, வெறகு வெட்டுறியா?” என்றார் ஏழுமலை கங்காணி. “இன்னொரு மரம் இப்பிடி ஆச்சுன்னா ஒனக்கு இங்க மரம் இல்ல.”

அன்று அலமாரியில் பிரிக்காத குளிசைகளை ரெஜினோல்ட் கண்டான். அவன் சத்தம் போடவில்லை.

“மாதா கேட்டாங்களா ஒங் குளிசைய? அத வாங்கி அவங்க என்ன பண்ணுவாங்க?”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மறுபடி கிளினிக்குக் கூட்டிப்போனான். டொக்டர் திட்டிவிட்டு, குளிசை மறுபடி பிடிக்க ஆறு வாரமாவது ஆகும் என்றார். கிறேஸ் புருஷனையும் கூட்டிக்கொண்டு கங்காணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். “அதுவரைக்கும் விடியக்காலம் இவரு வெட்டட்டுங்க. முந்தி வெட்டின ஆளுதான். கை விரிஞ்சதும் நான் பால் எடுக்கிறேன்.”

கங்காணி தாடையைச் சொறிந்தார். “மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. சரி, வெட்டுறதப் பாப்போம்.”

மறுநாள் ரெஜினோல்ட் வெட்ட, அவள் பக்கத்திலேயே நின்றாள்.

“ஆழமா போகுது. கத்திய சாச்சுப் புடிங்க.”

“சாச்சுத்தான் புடிச்சிருக்கேன்.”

“இன்னும் கொஞ்சம்.”

ஏழுமலை வந்து வெட்டைத் தடவிப் பார்த்தார். காயமில்லை. பால் சிரட்டைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஒரு மரத்துக்கு எதுக்கு ரெண்டு கங்காணி?” என்றுவிட்டு அடுத்த வரிசைக்கு நடந்தார்.