பெயர் எழுதாத துண்டுகள்

போன கிழமை அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வெள்ளவத்தையில் ஒரு கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பிள்ளை தடித்த அறிக்கை ஒன்றைப் புத்தகமாகக் கட்டக் கொடுத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மெஷினிலிருந்து சூடாக வந்த தாளின் மணம் மூக்கில் பட்டதும் ஓரடி பின்னால் நகர்ந்தேன். ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகிவிட்டது, இன்னும் அந்த மணத்துக்குப் பயப்படுகிறேன். சிரிக்காதீர்கள்.

நாற்பத்திரண்டு வயதில் கல்வியியல் முதுமாணிப் படிப்பில் சேர்ந்தபோது பிடித்த பயம் அது. கிழமை நாட்களில் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். சனி, ஞாயிறில் நானே மாணவியாக வாங்கில் உட்கார்ந்தேன். முதல் நாளே வாசலோரத்து இடத்தைப் பிடித்துக்கொண்டேன், தேவைப்பட்டால் ஓடலாம் என்று. விரிவுரையாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர், மெதுவாகக் கதைப்பவர். ஆனாலும் அவர் கண் என் பக்கம் திரும்பினால் போதும், பேனாவைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து தேடத் தொடங்குவேன். எத்தனை தடவை தேடினேன் என்பது பக்கத்தில் இருந்த பரீதாவுக்குத்தான் தெரியும். அவள் மாளிகாவத்தைக்காரி, சமூகக்கல்வி ஆசிரியை. அவளுடைய பகல் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் ஈரல் பொரியல் வாசம் கற்றல் கோட்பாடுகள் பாடம் முழுவதும் வகுப்பில் நிற்கும். கோட்பாடுகள் எல்லாம் மறந்துபோயின. சைவக்காரியான எனக்கு அந்த வாசம் மறக்கவில்லை.

இரண்டாம் தவணையில் செயல்நிலை ஆய்வு வந்தது. சொந்த வகுப்பில் ஒரு பிரச்சினையை எடுத்து, காரணம் தேடி, எல்லாருக்கும் முன்னால் வாசிக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதப் பாடத்தில் ஏன் கேள்வி கேட்பதில்லை என்பது நான் எடுத்த தலைப்பு. விடை எனக்கு முன்னமே தெரியும் என்றுதான் நினைத்தேன்: டியூஷன், டீவி, வீட்டில் கவனிக்க ஆளில்லை. பெயர் எழுதாமல் ஒரு கடதாசித் துண்டில் காரணத்தை எழுதித் தரச் சொன்னேன். முப்பத்தாறு துண்டுகளையும் உறையில் போட்டுக்கொண்டு கோட்டையில் ரயில் ஏறி, கடல் பக்க யன்னலோரம் இருந்து பிரித்தேன்.

"டீச்சரக் கண்டா பயம்." அடுத்ததிலும் அதே. மூன்றாவதில், "கேட்டா எல்லாரும் சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் சொல்லுவீங்க." பம்பலப்பிட்டி வரும்போது கையில் இருந்தது: "கணக்கு இருக்கிற நாள் காலையில வாந்தி வரும்."

அந்த எழுத்தை எனக்குத் தெரியும். நிரோஷாவுடையது. கணிதம் இரட்டைப் பாடமாக வரும் செவ்வாய்க்கிழமைகளில் அடிக்கடி வராமல் நின்றுவிடும் பிள்ளை. வயிற்றுவலி என்று தாய் எழுதி அனுப்பிய கடிதத்தை ஒருமுறை வகுப்புக்கு வாசித்துக் காட்டி, இந்த வயிற்றுக்குச் செவ்வாய் தோஷம் என்று சொல்லியிருந்தேன். வகுப்பே சிரித்தது. நல்ல பகிடி விட்டேன் என்று எனக்கும் அன்று முழுக்கச் சந்தோஷம்.

வெள்ளவத்தையில் இறங்க மறந்து தெஹிவளை வரை போய்விட்டேன்.

உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இதை அந்த வகுப்பில் எப்படி வாசிப்பது? ஆகவே வீட்டில் இருந்து இடது கையால் புதுத் துண்டுகள் எழுதினேன். "கேள்வி கேட்டுப் பழக்கமில்லை." "வீட்டுவேலை எழுதவே நேரமில்லை." சனிக்கிழமை அவற்றைப் பரீதாவிடம் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"எல்லாத்துலயும் 'ழ' ஒரே மாதிரி ஈக்கி டீச்சர்," என்றாள்.

பிள்ளைகளின் துண்டுகள் இருந்த உறையை எடுத்துக் கொடுத்தேன். முழுவதையும் வாசித்துவிட்டு, இப்படி ஒரு கேள்வியைத் தன் பிள்ளைகளிடம் கேட்கப் பயந்துதான் தான் வேறு தலைப்பு எடுத்ததாகச் சொன்னாள். இடது கைத் துண்டுகளை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். திருப்பித் தரவில்லை.

என் முறை வந்தபோது துண்டுகளை மேசையில் வைத்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு முப்பத்தாறையும் வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. விரிவுரையாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"திங்கக்கிழமை அந்த வகுப்புக்குள்ள எப்பிடிப் போகப்போறீங்க டீச்சர்?"

துண்டுகளை உறைக்குள் போடத் தொடங்கினேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திங்கட்கிழமை பாடசாலை மாடிப்படியின் நடுவில் நின்றுவிட்டேன். முப்பத்தாறு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பயந்து ஒரு மனுஷி படியில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். உள்ளே போய், துண்டுகளை வாசித்தேன், பிழை என்னுடையது, இனி யாரையும் சிரிப்புக்கு ஆளாக்க மாட்டேன் என்று சொன்னேன். முகங்கள் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை. வெளிறின.

முன்வரிசைப் பிள்ளை எழுந்து நின்றாள். "டீச்சர், நான் அப்பிடி எழுதல்ல."

"நானும் எழுதல்ல டீச்சர்," என்றாள் அடுத்தவள். அப்படியே வரிசையாக எழுந்து மறுத்தார்கள். நிரோஷா மட்டும் எழும்பவில்லை. மேசையைப் பார்த்தபடி இருந்தாள், உதடு துடித்தது. அந்தப் படிப்புக் காலத்தில் நான் எத்தனையோ விஷயங்களுக்குப் பயந்திருக்கிறேன். அன்றுதான் முதன்முறையாக எனக்கே நான் பயந்தேன்.

பிறகு நாக்கை அடக்கப் பழகினேன். ஆண்டு முடிவதற்குள் மூன்று நான்கு பேர் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன், குரல் கடுமையாக வந்துவிடுமோ என்று. ஆய்விலும் ஒருவழியாகச் சித்தியடைந்தேன். நிரோஷா செவ்வாய்க்கிழமைகளில் ஒழுங்காக வரத் தொடங்கினாள். ஆனால் என் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். தனியாகக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைப்பேன். கூப்பிட்டால் மறுபடி நடுங்குவாளோ என்று விட்டுவிடுவேன். அடுத்த ஆண்டு தொடங்கியபோது அவள் வரவில்லை. தகப்பனுக்கு நீர்கொழும்பில் வேலை கிடைத்து, குடும்பமே போய்விட்டது என்றார்கள்.

இப்போது அந்தப் பாடசாலைக் கட்டடத்தை இடித்து வேறு கட்டியிருக்கிறார்கள். பரீதா மௌத்தாகி, அடக்கமாகி மூன்று வருடம். நிரோஷாவுக்கே இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கலாம். அவளிடம் மன்னிப்புக் கேட்க அந்த ஆண்டின் மிச்சம் முழுக்க எனக்குக் கிடைத்தது. பயத்திலேயே அதைக் கழித்துவிட்டேன்.