கார்டை எடுத்துத் தராத பெண்

இரண்டாயிரத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். திண்டிவனத்தில் ரேஷன் கார்டுகளைக் கவனிக்கிற ஆபீசில் எனக்கு வேலை கிடைத்த புதிது. கார்டில் பெயர் உள்ளவர்கள் உண்மையிலேயே வீட்டில் இருக்கிறார்களா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். இல்லாத ஆளுக்கு அரிசி வாங்கியிருந்தால், வெளி மார்க்கெட் விலை போட்டுத் திருப்பி வசூலிக்க வேண்டும். அதிகம் வசூல் காட்டுகிறவனுக்கு ஆபீசில் நல்ல பெயர். எனக்கு அந்தப் பெயர் மேல் அப்படி ஒரு ஆசை.

அன்று அமாவாசை. செஞ்சி பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, எல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயிலில் ராத்திரி தரிசனத்துக்குப் போகிற கூட்டம். இதுகளுக்கு வேற வேலையே இல்லையா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே படியில் தொங்கிப் போய், வழியில் ஒரு கிராமத்தில் இறங்கினேன். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஒரு வீட்டில் மட்டும் மாட்டுக் கொட்டகை ஓரமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டு மருமகள். கார்டில் பெரியவர்களும் பிள்ளைகளுமாக வீடு நிறைய பெயர்.

“மத்தவங்கல்லாம் எங்க?”

“மலையனூர் போயிருக்காங்க சார். காலைல வந்துடுவாங்க.”

“நீ மட்டும் ஏன் போவல?”

என்னைவிட மூத்தவர், ஆனாலும் ‘நீ’ என்றுதான் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சரி, கார்டை எடுத்து வா என்றேன்.

“கார்டு உள்ள சாமி படத்தாண்ட இருக்குது சார். நான் இன்னிக்கு எடுக்க முடியாது. நாளைக்கு வாங்களேன்.”

“கதவு தொறந்துதானே கெடக்குது? எடுத்துக்கினு வர்றதுக்கு என்ன?”

எழுந்து முந்தானையைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றார். பொய் சொல்கிறவர்கள் இப்படித்தான் நிற்பார்கள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. குடும்பமே கோயிலுக்குப் போனால் மருமகளை மட்டும் விட்டுவிட்டா போவார்கள்? அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு எழுது என்பதுதான் விதி. பக்கத்து வீடும் பூட்டியிருந்ததால் விசாரிக்காமலே எழுதினேன். ஒருவர் மட்டுமே வசிக்கிறார், மற்றவர்கள் ஊரிலேயே இல்லை.

அந்த வீட்டுக்கு அரிசியைக் குறைத்துவிட்டார்கள். வசூலுக்கு நோட்டீஸும் போனது. கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணின் கணவர் பணத்தோடு ஆபீசுக்கு வந்தார். விதைக்கு வைத்திருந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மண்டியில் போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்.

“நாங்க எல்லாரும் அங்கதான் சார் இருக்கோம்.”

“அப்ப அன்னிக்கு உங்க வீட்டம்மா ஏன் வாயத் தொறக்கல? காரணத்தை எழுதிக் குடுங்க, பாக்கலாம்.”

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பணத்தை மேஜையில் வைத்தார். ரசீது போட்டுக் கொடுத்தவன் நான்தான். திருடன் ஒப்புக்கொண்டான் என்றுதான் நினைத்தேன்.

அதே வாரம் டீ குடிக்கும்போது இதை ஒரு வீரக்கதையாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் டைப்பிஸ்ட் அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏம்ப்பா, வூட்டுக்கு வெளிய உக்காந்துக்கினு இருக்குது, கோயிலுக்கும் போவல, சாமி படத்தாண்டயும் போவ முடியாதுன்னு சொல்லுது. இதுக்கு மேல ஒரு பொம்பள உன்கிட்ட வாயத் தொறந்து வேற சொல்லணுமா?”

காது மடலெல்லாம் சுட்டது. நான் கிறிஸ்தவ வீட்டில், அக்கா தங்கை இல்லாமல் வளர்ந்தவன். மாதவிலக்குக்கு ஒதுங்கி உட்காரும் பழக்கமும் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது சுத்தப் பொய். தெரியும். வசூல் வெறியில் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த மனுஷனும் பத்துப் பேர் முன்னால் மனைவியின் விஷயத்தைச் சொல்ல மனசில்லாமல்தான் விதை விற்ற பணத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதிகாரியிடம் போய் என் தப்பு என்று சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அரிசியைப் பழையபடி தரச் சம்மதித்தார். கட்டின பணம் கட்டினதுதான், வராது என்றார். அடுத்த நாளே என் சம்பளத்திலிருந்து அந்தத் தொகையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கணவர் வாங்க மறுத்துவிட்டார்.

“கவர்மெண்டு வாங்குனதுக்கு நீங்க எதுக்கு சார் குடுக்கணும்? அரிசி வந்தா போதும்.”

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். எதற்கு என்று சொல்லிக் கேட்பது? அதைச் சொன்னால் அந்தப் பெண்ணை இன்னொரு தடவை கூசிப்போக வைப்பேன். அப்படியே நின்றேன்.

அப்போது அந்தப் பெண்ணே உள்ளே போனார். நான் கேட்காமலே கார்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். பிறகு மாமனார், மாமியார், பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசலில் வரிசையாக நிறுத்தினார். கடைசியில் தானும் போய் நின்றார். குரலில் கோபமே இல்லை.

“எண்ணிக்குங்க சார்.”

என்னால் தலை நிமிர்ந்து ஒரு முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வாசல்களில் நின்றிருக்கிறேன். யாராவது பதில் சொல்லாமல் தலை குனிந்தால், அடுத்த கேள்வி கேட்க எனக்கு இன்றைக்கும் நாக்கு எழுவதில்லை.