டிரம்மர் யார்?

இளம்பரிதி இதுவரை டிரம்ஸ் குச்சியைக் கையில் பிடித்ததில்லை. ஆனாலும் 'பழுப்பு' இசைக்குழுவின் பாட்டுகளை இணையத்தில் கேட்டவர்கள், "டிரம்மர் யாருப்பா? செம!" என்றுதான் அதிகமாக எழுதினார்கள். அந்த டிரம்மர் இவன்தான். நெய்வேலி குவார்ட்டர்ஸில் தன் படுக்கையறை ஜன்னலில் மெத்தையைச் சாத்திவிட்டு, லேப்டாப்பில் ஒவ்வொரு அடியாக மவுஸால் தட்டிச் சேர்ப்பான். வந்த பாராட்டெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கேட்காதவர்களிடமும் ஒப்பிப்பான்.

நெடுமாறன் கிட்டார், ரெஜினா பாட்டு. மூவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. சுரங்கத்தில் ஷிப்ட் மாறும் சங்கு ஊதினால் மைக்கில் விழுந்துவிடும் என்பதால், இளம்பரிதி உடனே கையைத் தூக்குவான். மற்ற இருவரும் அப்படியே நிற்பார்கள். சங்கு ஓய்ந்து அவன் கை இறங்கினால்தான் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

பிறகு அவர்கள் குடியிருக்கும் பிளாக்கின் பொங்கல் விழாவில் வாசிக்கக் கூப்பிட்டார்கள்.

"மேடையில லேப்டாப்ப தட்டிவிட்டுட்டு நின்னா சிரிப்பாங்கடா. அடிக்க ஆள் வேணும்" என்றான் நெடுமாறன்.

"அப்ப நான்?"

"நீ சவுண்டு பாத்துக்க. உன்ன விட்டா யாருக்குத் தெரியும்?"

குள்ளஞ்சாவடி மாதா கோயிலில் வாசிக்கும் சைமன்ராஜை, ஒத்திகைக்கு எடுத்திருந்த சமுதாயக் கூடத்துக்கு ரெஜினா அழைத்து வந்தாள். வந்தவன் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் அடித்துக் காட்டினான். "பஸ்ல கேட்டுகினே வந்தேங்கண்ணா. நீங்க போட்டதுல ஒண்ணுகூட மாத்தல" என்றான். உண்மைதான், ஒன்றுகூட மாறவில்லை. அதுதான் இளம்பரிதிக்கு வயிற்றெரிச்சல். எதையாவது மாற்றித் தொலைத்திருந்தால் குறையாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் விடவில்லை. ஒருநாள் "தாளம் இழுக்குது" என்றான், மறுநாள் "தாளம் ஓடுது" என்றான். சைமன்ராஜ் இரண்டுக்கும் "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு முன்போலவே அடித்தான்.

விழா மாலையில் இளம்பரிதி கூட்டத்துக்குப் பின்னால், சவுண்டு சர்வீஸ்காரர் பக்கத்தில் நின்றான். மேடையில் தன் இடத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது பாட்டு நடுவில் சங்கு ஊதியது.

அவனையறியாமல் கை மேலே போனது. மேடையில் நெடுமாறனும் ரெஜினாவும் பழக்கதோஷத்தில் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். சைமன்ராஜ் அந்த அறையில் ஒருநாளும் இருந்ததில்லை. அவனுக்குக் கையும் தெரியாது, சங்குக் கணக்கும் தெரியாது. அவன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தான்.

மாட்டிக்கொண்டான் என்று இளம்பரிதி உள்ளுக்குள் சந்தோஷப்பட்டான். அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. இது டிரம்ஸுக்கென்றே வைத்த இடம் என்று நினைத்துக் கூட்டம் தாளம் போட ஆரம்பித்தது. சங்கையும் மீறி விசில் பறந்தது.

"யாரு சார் அந்தப் பையன்? பின்றானே!" என்றார் சவுண்டு சர்வீஸ்காரர்.

சங்கு ஓய்ந்தது. நெடுமாறனும் ரெஜினாவும் இளம்பரிதியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறக்காவிட்டால் பாட்டு நாசம். இன்னும் கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தான். கடைசியில் கை கடுத்தது, இறக்கினான். மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்தபோது மைதானமே எழுந்து கத்தியது.

மறுநாள் வீடியோவின் கீழ் பழைய கேள்விதான் வந்திருந்தது: "டிரம்மர் யாருப்பா? செம!"

'சைமன்ராஜ்' என்று தட்டினான், அழித்தான். 'நான்தான்' என்று தட்டினான், அதையும் அழித்தான். அதற்குள் கீழே ஒரு பதில் வந்து விழுந்தது. எழுதியவன் சைமன்ராஜ்.

"அடிச்சது நானுங்க. ஒவ்வொரு அடியும் போட்டது இளம்பரிதி அண்ணன்."

படித்ததும் இளம்பரிதிக்கு அப்படியொரு கோபம் வந்தது. அவனை வெறுக்கக் கையில் மிச்சமிருந்த ஒரே காரணத்தையும் அந்தக் குள்ளஞ்சாவடிக்காரன் பிடுங்கிக்கொண்டுவிட்டான்.