காகிதத்தில் மூத்தவள்

சங்கத்து மலருக்கு அரசு வேலைவாய்ப்புகள் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் கேட்டது சரியான ஆளிடம்தான். பந்தலூரில் என் கடைச் சுவரைப் பார்க்காதவர் யார்? போலீஸ், தபால், ரயில்வே, வனத்துறை, மின்வாரியம் என்று எந்த வேலைக்கு ஆள் எடுத்தாலும் அறிவிப்பைப் பேப்பரிலிருந்து வெட்டிப் பசை தடவி ஒட்டிவிடுவேன். முப்பது வருடமாக ஒட்டுகிறேன். அதைப் பார்த்து விண்ணப்பம் போட்டவர்களில் நாலு பேர் இன்று அரசாங்கச் சம்பளம் வாங்குகிறார்கள். ஒருவன் ரயில் ஓட்டுகிறான். அவன் கல்யாணப் பத்திரிகையில் ராஜரத்தினம் என்ற என் பெயருக்குக் கீழேதான் அவன் அப்பன் பெயர் இருந்தது.

அந்த நாலு பேரைப் பற்றி எழுதினால் உங்களுக்கு இனிக்கும். நான் எழுதப்போவது வேலை கிடைக்காத ஒருத்தியைப் பற்றி. என் அக்காள் மகள். இந்துமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பெயரும் மாற்றியவைதான். அவள் வேலை செய்கிற தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரையும் எழுதமாட்டேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நாங்கள் இலங்கையில் அட்டன் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தபோது எனக்குப் பதினோரு வயது. அக்காள் வீரம்மாவுக்குப் பதினாலு. தோட்டத்தில் சிறுசுகளுக்கு அரைப் பேர்தான். நாளெல்லாம் கொழுந்து பறித்தாலும் பாதிச் சம்பளம் என்று அர்த்தம். பதினெட்டு ஆகியிருந்தால் முழுப் பேர். எங்கள் அப்பா அக்காளுக்குப் பதினெட்டு என்று சொல்லிப் பேர் பதிந்தார். பிறந்த சீட்டு யாரிடம் இருந்தது? எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அன்றைய பசிக்கு அது சோறு போட்டது. ஐம்பத்தெட்டு வயதில் வேலையை விட்டு அனுப்புவார்கள், அதுவும் காகிதத்து வயதைப் பார்த்து அனுப்புவார்கள் என்பதை அன்று நினைக்க யாருக்கு நேரம்?

நான் கொழுந்தோடு நிற்கவில்லை. லாரியில் மூட்டை ஏற்றினேன், பழைய இரும்பு வாங்கி விற்றேன், கடை போட்டேன், கடைக்கு மேலே ஐந்து அறை கட்டினேன். யார் தயவிலும் ஒரு செங்கல் வைத்ததில்லை.

அக்காள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலேயே இருந்தாள். இந்துமதிக்கு மூன்று வயதாக இருந்தபோது அவள் அப்பனை யானை அடித்துக் கொன்றுவிட்டது. மறு வருடம் ஒருநாள் நான் உட்கார்ந்து யோசித்தேன். காகிதப்படி அக்காளுக்கு இன்னும் பன்னிரண்டு வருடம்தான் வேலை. வீட்டில் ஒருவர் பேராவது தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், இருந்தால்தான் லயத்து வீடு. இல்லையென்றால் மூன்று மாதத்தில் சட்டி பானையை வெளியே வைக்க வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் இந்துமதிக்குப் பதினாறுதான் ஆகும். பதினாறுக்குப் பேர் பதியமாட்டார்கள். இரண்டு வயது குறைந்தது. பேர் பதியும்போது பள்ளிச் சான்றிதழை மட்டும்தான் பார்ப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க எந்தக் காலேஜில் படித்தேன்?

நாலு வயதுப் பிள்ளையை நானே தூக்கிக்கொண்டு போய், ஆறு வயது என்று நெல்சன் வாத்தியாரிடம் நிறுத்தினேன். அவர் தோட்டத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியர், சந்தேகப் பிராணி. கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் எதிர்ப்பக்கத்துக் காதைத் தொடச் சொன்னார். எட்டவில்லை. நான் அவள் தலையைச் சாய்த்து, விரலைப் பிடித்து இழுத்துத் தொடவைத்தேன். அவள் வலிக்கிறது என்று அழுதாள். வாத்தியார் எழுதிக்கொண்டார்.

அந்த வருடமும் அடுத்த வருடமும் லயத்தில் பாதிப் பேர் என்னைத் தேடி வந்தார்கள். இந்துமதியைத் தவிர்த்துப் பதினேழு பிள்ளைகளுக்கு நான் வயது கூட்டிச் சேர்த்திருக்கிறேன். பதினேழு வீடும் இன்றுவரை நிற்கின்றன. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

நான் போட்ட கணக்குத் தப்பவில்லை. இந்துமதி பிளஸ் டூ முடித்த மாதம், உடம்பில் ஐம்பத்து நாலு வயதே ஆன அக்காளைத் தோட்டத்தில் மாலை போட்டு அனுப்பினார்கள். அதே வாரம் மகளுக்குப் பேர் விழுந்தது. பதினாறு வயதில் கொழுந்துப் பையைத் தலையில் மாட்டினாள். வீடு தப்பியது.

ஆனால் அவள் தோட்டத்தோடு நிற்கிற பிள்ளை இல்லை. தபாலில் பி.ஏ. படித்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் என் கடைச் சுவரின் முன்னால் நிற்பாள். கடைசியில் போலீஸ் வேலையைப் பிடித்துக்கொண்டாள். காக்கிச் சட்டையைப் பார்த்து எவனும் 'ஏ புள்ள' என்று கூப்பிடமாட்டான் என்றாள். குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றாள். அதற்குத்தான் அத்தனை பாடும்.

இரண்டு முறை எழுத்துத் தேர்வில் போயிற்று. காலையில் பிரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் இடத்துக்கு, மற்றவர்கள் நடந்து வருவார்கள். இவள் ரோட்டில் நாலு சுற்று ஓடிவிட்டு வருவாள். ஷூ நான் வாங்கிக் கொடுத்தது. லயத்துப் பெண்கள் சும்மா விடுவார்களா? போலீஸம்மா என்றே பெயர் வைத்தார்கள். கோழியைக் காணோம், ஒரு கேஸ் எழுதிக்கொள்ளுங்கள் என்பார்கள். அன்னக்கிளி என்று ஒருத்தி, இவள் கொழுந்து நிறுக்கப் பையை வைக்கும்போதெல்லாம் எழுந்து நின்று சல்யூட் அடிப்பாள். மொத்தக் கூட்டமும் சிரிக்கும். இந்துமதி பல்லைக் கடித்துக்கொண்டு பையை வைப்பாள்.

மூன்றாம் முறை எழுத்திலும் தேறினாள், ஓட்டத்திலும் தேறினாள். கடைசியாகச் சான்றிதழ் பார்க்கக் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டார்கள். நானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடப் போனேன்.

அங்கேதான் வந்தது வினை. அந்த வேலைக்கு எங்கள் பிரிவுக்கு வயது வரம்பு முப்பத்தொன்று. ஆதார் எடுத்த அன்று அக்காள் யோசிக்காமல் உண்மைத் தேதியைச் சொல்லிவிட்டிருந்தாள். இந்துமதி அதைப் பார்த்துத்தான் விண்ணப்பத்தை நிரப்பியிருந்தாள். அது அவளுக்கு முப்பது என்றது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முப்பத்திரண்டு என்றது. அதிகாரி அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எங்களுக்கு மார்க் ஷீட் தேதிதான் தேதி என்றார். பதினைந்து நாளில் பிறப்புப் பதிவின் நகலும், பள்ளியில் சேர்த்தவர் வயதைத் தப்பாகச் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரமும் கொண்டுவந்தால் மேலிடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்.

பள்ளியில் சேர்த்தவர் நான்.

இந்துமதி பிறந்தது தோட்டத்து ஆஸ்பத்திரியில். பதிவுப் புத்தகம் தோட்டத்து ஆபீஸில் இருந்தது. ஹெட் கிளார்க் மனோகரன் கோயம்புத்தூர்க்காரர், வாய் நிறைய மரியாதை, உள்ளே கத்தி. புத்தகத்தைத் தேடி எடுத்து, தூசியை ஊதி, பக்கத்தைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். உண்மைத் தேதி மையில் இருந்தது. இந்துமதி அதன்மேல் விரலை வைத்தாள். அவர் மெதுவாக அந்த விரலை எடுத்துவிட்டார்.

"ஏனுங்க பெரியவரே, நகல் வேணும்னா மானேஜருக்குக் காரணம் எழுதித் தரோணுங்க. இந்தத் தேதிதான் நெசம்னா இந்தப் பொண்ணு பதினாறு வயசுல பேரு பதிஞ்சிருக்குது. அப்ப அந்தப் பேரும் செல்லாது, ஊடும் செல்லாதுங்க. அதோட நிக்காது. அந்தச் சமயத்துல பள்ளிக்கூடத்துல சேந்த அத்தன பேர்த்தையும் இந்தப் பொஸ்தகத்தோட ஒத்துப் பாக்கச் சொல்லுவாங்க. எத்தன ஊடு காலியாகும்னு நான் சொல்லோணுமா? உங்களுக்கே கணக்குத் தெரியுமுங்களே."

தெரியும். பதினேழு. அதில் அன்னக்கிளியின் வீடும் ஒன்று.

ஆபீஸிலிருந்து லயத்துக்கு இறங்கும் வழியில் இந்துமதி என் முன்னால் வந்து நின்றாள். அவள் அழவில்லை.

"மாமா, நீங்க கையெழுத்துப் போடுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

"வீடு போனா என் மாடியில வந்து இருங்க, நீயும் அக்காவும். சாகுறவரைக்கும் வச்சுக்கிறேன். பதினேழு குடும்பத்த எந்த மாடியில ஏத்துறது?"

"அந்தப் பதினேழு வீட்டுக்கும் நான்தான் வெலையா மாமா?"

"ஆமா" என்றேன்.

அவள் கேட்டாள்: "அன்னைக்கு என் கைக்குக் காது எட்டலதான?"

"எட்டல."

அவ்வளவுதான் பேச்சு. பதினைந்து நாளும் நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வரவில்லை. பதினாறாம் நாள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள்.

கையெழுத்துப் போட்டிருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்று சொல்லமாட்டேன். கிடைத்திருக்காது என்றும் சொல்லமாட்டேன். போடவில்லை. இன்று கேட்டாலும் போடமாட்டேன். அக்காள் மட்டும் ஒருநாள் சொன்னாள், தனக்கு நாலு வருடம் போனது, மகளுக்கு இரண்டு வருடம் போகும், தேவலை என்று. அவள் சொன்னது சரிதான். உடம்பில் ஐம்பத்தாறு ஆகும்போதே இந்துமதியையும் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு அவள் பின்னால் செக்ரோலில் பேர் எழுத யாரும் இருக்கப்போவதில்லை. அவள் கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள்.

அவள் யாருக்காக விட்டுக்கொடுத்தாள் என்று லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. சொன்னால் பதினேழு வீட்டு ரகசியம் வெளியே வரும். அதனால் ஓட்டத்தில் தோற்றுப்போனாள் என்று பேசிக்கொள்கிறார்கள். அன்னக்கிளி இன்னும் சல்யூட் அடிக்கிறாள்.

நான் வாரத்தில் இரண்டு நாள் அந்தத் தோட்டத்துக் கொழுந்து நிறுக்கிற கொட்டகை வழியாகப் போகிறேன். என்னைக் கண்டால் இந்துமதி பையைக் கீழே இறக்கி வைக்கிறாள். காலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, போலீஸ் கிரவுண்டில் பழகிய மாதிரியே எனக்கு ஒரு சல்யூட் அடிக்கிறாள். கூட்டம் சிரிக்கிறது. அவளும் சிரிக்கிறாள். நானும் பதிலுக்குக் கையைத் தூக்குகிறேன். நான் இறக்கும்வரை அவள் கையை இறக்குவதில்லை.

சுற்றிப் போக வேறு ரோடு இருக்கிறது. நான் கொட்டகை வழியாகத்தான் போகிறேன்.