சுவரில் வைத்த மஞ்சள்

புனே விமான் நகர் ஃப்ளாட்டின் சுவர்களுக்கு நான் தேர்ந்தெடுத்தது ஆஃப் ஒயிட். லேசாக மஞ்சள் ஓடும் வெள்ளை. மாலை வெயில் பட்டால் சுவரே வெதுவெதுப்பாகத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் சம்பளத்தில் வாங்கிய வீட்டுக்கு என் நிறம். இதில் யாரையும் நான் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது வேறு. ஏரவாடாவில் ஒழுகும் ஒற்றை அறையை விட்டு, மழைக்கு முன் அம்மாவும் அப்பாவும் என்னோடு வந்துவிட வேண்டும். "உங்கம்மா சரின்னா எனக்கும் சரி," என்று அப்பா ஒதுங்கிவிட்டார். "வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன். அப்பறம் சொல்றேன்," என்றாள் அம்மா.

வந்தவள் ஹாலின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"பிரைமர் அடிச்சிருக்கான். கலர் எப்ப அடிப்பான்?"

"இதுதாம்மா கலர்."

"இதுக்கா அந்த பெயிண்ட் அடிக்கற ரங்வாலா இத்தனை நாள் இழுத்தான்?"

சிரித்து வைத்தேன். அதன் பிறகு அவள் சுவர்ப் பக்கமே போகவில்லை. தலையில் எண்ணெய் வைத்திருந்ததால் எதிலும் சாயாமல், தரை நடுவில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "சாஞ்சு உக்காரும்மா" என்றால், "இருக்கட்டும், கறையாயிடும்." விருந்தாளி மாதிரி இருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆபீஸிலிருந்து போன் வர, உள்ளே போனேன். திரும்பி வந்தபோது சமையலறை வாசலை ஒட்டிய சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். புது வீடு, வெள்ளிக்கிழமை. வைக்காமல் இருப்பாளா? ஆனால் எனக்குப் பிடிக்காததை முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்னடி, மூஞ்சி இப்பிடிப் போவுது? பெரிசா வெச்சுட்டனா? இரு, ஓரத்தைத் தொடைச்சுடறேன்."

"வேணாம்மா, விடு."

அதற்குள் ஈரத்துணியில் துணி சோப்பைத் தேய்த்து அழுத்தித் துடைத்தாள். மஞ்சள் சட்டென்று சிவந்து, கோடுகோடாகச் சுவரில் வழிந்தது. புதுப் பெயிண்டில் ரத்தம் ஒழுகுவது போலவே இருந்தது.

அம்மாவின் கை அப்படியே நின்றது. "பாத்தியா," என்றாள் மெதுவாக. "இந்த வீடு எங்களை வேணாங்குது. என்னை ஆட்டோ ஏத்திவிடு."

"அம்மா, ஆரத்தித் தண்ணி எப்படிச் செவக்குது?"

"மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்கும். இப்ப எதுக்குடி அது?"

"சுண்ணாம்பு செய்யற வேலையைச் சோப்பும் செய்யும். மஞ்சள் தடவின தாளை வெச்சு ஸ்கூல்ல இதைத்தான் செஞ்சு பாத்தோம்."

அவள் நம்பவில்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த மஞ்சளில் சோப்பைக் கரைத்தேன். கிண்ணமும் சிவந்தது. அம்மா கிண்ணத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நான் சுவத்துக்கு ஆரத்தி எடுத்திருக்கேன்."

"ஆமா."

"திருஷ்டி கழிஞ்சுது, போ."

சொன்னாளே தவிர சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளறை வாசலில் போய் நின்றாள். அங்கேயும் அதே ஆஃப் ஒயிட்.

"நானும் உங்கப்பாவும் இங்கதான படுக்கணும்?"

"ஆமாம்மா."

"அப்ப இதுக்கு ஒழுங்கா ஒரு கலர் அடி. ஆஸ்பத்திரியில கெடக்கற மாதிரி என்னால தூங்க முடியாது."

வீட்டிலேயே எனக்கு மிகப் பிடித்த சுவர்கள் அந்த அறையில்தான் இருந்தன. மறுப்பு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு ரங்வாலாவுக்கு போன் போட்டேன். "எந்தக் கலர்னு நீயே சொல்லு," என்று அவள் கையில் கொடுத்தேன்.